வரலாற்று மின்னிதழ்: பணம் சிக்கினாலும் எழுத்து உடைந்தாலும் சரிசெய்யும் வழிகள்

கல்வெட்டு, செப்பேடு, பழைய ஆவணம் என்று ஒரே துறையை ஆழமாக எழுதும் மின்னிதழ்களைப் பெரும்பாலும் ஓரிருவர்தான் நடத்துகிறார்கள். உதவி கேட்டு அழைத்தால் எடுப்பதற்குத் தனி ஆள் இருக்கமாட்டார். மன்னார்குடியிலோ வேதாரண்யத்திலோ இருந்துகொண்டு இதழ் திறக்கவில்லை என்றால், பழுது எந்த இடத்தில் என்று வாசகர்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழுது பணத்தில் இருக்கலாம், மெயிலில் இருக்கலாம், கோப்பில் இருக்கலாம், எழுத்துருவில் இருக்கலாம். இதழ் செயலி வழியே வருகிறது என்றால், செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இறக்கி வைத்த பழைய இதழ்கள் அதோடு போய்விடும். கீழே உள்ள கோளாறுகளில் ஒன்றுகூட அதனால் தீராது.

பணம் போய்விட்டது, சந்தா தொடங்கவில்லை

மறுபடி கட்டாதீர்கள். இரண்டாவது முறை கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது, முதல் பணம் எங்கே என்று கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து நிலையைப் பாருங்கள். 'வெற்றி' என்று இருந்தால் பணம் இதழுக்குப் போய்விட்டது, தளம்தான் அறியவில்லை என்று பொருள். ரகசியப் பின் (PIN) எண்ணைப் போட்ட பிறகு திரை தானாக இதழின் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சில நொடிக்குள் அழைப்பு வந்தாலோ, சிக்னல் விட்டாலோ, பின்செல்லும் பட்டனைத் தொட்டாலோ சில தளங்களில் பதிவு விழாது. இதற்கு ஒரே மெயில் போதும்: 12 இலக்க யுபிஐ குறிப்பு எண், தேதி, நேரம், தொகை, பதிவின்போது கொடுத்த மெயில் முகவரி ஆகிய ஐந்தையும் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் எதிர்முனையில் இருப்பவர் 12 இலக்கத்தையும் படத்தைப் பார்த்துத் தட்ட வேண்டும். ஓர் எண் பிசகினால் தேடல் வீண்.

'நிலுவையில்' அல்லது 'தோல்வி' என்று காட்டி, கணக்கில் மட்டும் பணம் குறைந்திருந்தால் காத்திருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, விற்பவருக்குச் செலுத்திய யுபிஐ பணம் உறுதிச் செய்தி போய்ச் சேராமல் நின்றால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். முதல் புகாரை யுபிஐ செயலிக்குள்ளேயே பதியுங்கள், அடுத்து வங்கியில். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதழின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி அழைக்க வேண்டாம். இதழின் தளத்திலும் அவர்கள் அனுப்பிய மெயிலிலும் உள்ள எண்ணே சரியானது. பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் எண்ணைப் போடுங்கள் என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று. பணம் பெற யுபிஐ பின் எண் தேவையே இல்லை. போட்டுவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படவில்லை, அல்லது கேட்காமலே பணம் எடுக்கப்பட்டது

இரண்டும் ஒரே இடத்துச் சிக்கல்தான். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க விடும் ஆட்டோபே ஒப்புதலுக்குத் தொடக்கத்தில் ஒருமுறைதான் பின் எண் கேட்கும். பிறகு ஒவ்வொரு முறையும் 15,000 ரூபாய் வரை பின் இல்லாமலே எடுக்கப்படும். எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரும். அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுவதால்தான் 'கேட்காமலே போனது' என்று தோன்றுகிறது. வேண்டாம் என்றால் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குள் போய் நீங்களே ரத்து செய்யலாம், இதழின் அனுமதி தேவையில்லை. புதுப்பிக்கவில்லை என்றால் அன்று கணக்கில் இருப்பு குறைந்திருக்கும், அல்லது ஒப்புதலின் காலம் முடிந்திருக்கும். அட்டையில் கட்டுபவர்களுக்கு இன்னொன்று: 2022 அக்டோபர் முதல் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்க முடியாது, அதற்குப் பதிலான மாற்றுக் குறியீடுதான் (டோக்கன்). வங்கி புது அட்டை கொடுத்திருந்தால் அதை மறுபடி பதிய வேண்டிவரலாம்.

கட்டி ஒரு மாதம் ஆகிறது, ஒரு மெயிலும் வரவில்லை

முதலில் அது மாத இதழா, காலாண்டு இதழா என்று பாருங்கள். காலாண்டு இதழுக்கு ஜனவரி இறுதியில் கட்டினால் அடுத்த இதழ் ஏப்ரலில்தான். முந்தைய இதழ்கள் சந்தாவில் அடங்குமா என்பதும் இதழுக்கு இதழ் மாறும்.

காலம் கடந்துவிட்டது உறுதி என்றால் ஜிமெயிலில் ஸ்பேம், புரமோஷன்ஸ் இரண்டையும் பாருங்கள். அங்கே கிடைத்தால் முதன்மைப் பெட்டிக்கு நகர்த்தி, அனுப்பியவர் முகவரியைத் தொடர்புகளில் சேமித்தால் அடுத்த இதழ் நேராக வரும். அங்கும் இல்லையென்றால் சேமிப்பு இடத்தைப் பாருங்கள். மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. திருமண வீடியோவும் பேரப்பிள்ளை படங்களும் நிரம்பிவிட்டால் புது மெயில் எதுவும் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஓய்வுபெற்றவர்களின் போனில் இது அடிக்கடி நடக்கிறது, ஆனால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் அப்பாவுக்காகச் சந்தா கட்டினால், வாசகர் முகவரி என்ற இடத்தில் அப்பாவின் மெயிலைப் போட வேண்டும். கட்டுபவரின் முகவரியே தானாக நிரம்பியிருக்கும். அதை மாற்றாவிட்டால் இதழ் மகனுக்கே போய்க்கொண்டிருக்கும்.

லிங்க்கைத் தொட்டால் திறக்கவில்லை, பாதியில் நிற்கிறது

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. படங்கள் நிறைந்த இதழ் அதைத் தாண்டிவிடும் என்பதால் கோப்புக்குப் பதில் லிங்க் வருகிறது. அந்த லிங்க்குக்குக் காலக்கெடு இருக்கலாம். வந்த வாரத்திலேயே இறக்கிவிடுங்கள்.

சில செயலிகளுக்குள்ளிருந்தே லிங்க்கைத் தொட்டால் அதற்குள் ஒரு சிறு பிரவுசர் திறக்கும். குரோமில் நீங்கள் உள்நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது. லிங்க்கை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, குரோமில் ஒட்டுங்கள். 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த பழைய போன்களில் தேதி பின்னுக்குப் போயிருக்கும். தேதியையும் நேரத்தையும் தானியங்கி என்று வைத்தால் தீர்ந்தது.

கோடியக்கரைப் பக்கமும் கொள்ளிடக்கரை ஊர்களிலும் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் 80 எம்பி கோப்பு பாதியில் நிற்கும். பாதிக் கோப்பைத் தொட்டால் 'சேதமடைந்த கோப்பு' என்று காட்டும். கோப்பில் குறையில்லை, முழுதாக இறங்கவில்லை. பதிவிறக்கப் பட்டியலில் 'தொடர்' என்று கொடுங்கள். தொடரவில்லையென்றால் அதை அழித்துவிட்டு, டவுனுக்குப் போகும்போது வைஃபையில் இறக்குங்கள். இறங்கியதன் அளவும் தளத்தில் போட்டிருக்கும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்தால் முன்கூட்டியே இறக்கி வைப்பது நல்லது. 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்தபின் கடலோர ஊர்களில் மின்சாரம் வரவே பல நாட்களாயின.

பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்கிறது, சரியாகப் போட்டும் ஏற்கவில்லை

சில இதழ்கள் பதிவு செய்த மெயிலையோ போன் எண்ணையோ பாஸ்வேர்டாக வைக்கின்றன. பெரும்பாலும் தவறு மூன்றில் ஒன்று: விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும், முகவரியைப் பரிந்துரையிலிருந்து தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும், போன் எண்ணின் முன்னால் 91 சேர்ந்துவிடும். கண் படத்தைத் தொட்டு, போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தேடினால் 'இல்லை' என்கிறது, கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கிறது

தமிழ் பிடிஎஃப்பின் பெரிய தலைவலி இதுதான். காரணங்கள் மூன்று, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் காரணம் குறியேற்றம், அதாவது எழுத்துகளைக் கணினி உள்ளே சேமிக்கும் முறை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவிக்கும் முன்பு, டிஸ்கி, டாம், டாப், இன்னும் தனித்தனி எழுத்துரு முறைகள் புழக்கத்தில் இருந்தன. அச்சுக்கூடங்களில் அவை இன்றும் ஓடுகின்றன. அப்படி வடிவமைத்த பக்கம் பார்வைக்குத் தமிழ். உள்ளே இருப்பது வேறு எழுத்து. ஒரு வரியை நகலெடுத்து மெயிலில் ஒட்டிப் பாருங்கள். புரியாத லத்தீன் குறிகளாக விழுந்தால் இதுதான். எழுத்துருவின் பெயரைக் கோப்பின் பண்புகளில் பார்த்து, என்எச்எம் போன்ற மாற்றியில் அதைத் தேர்ந்து கொடுத்தால் யூனிகோடாகிவிடும்.

இரண்டாவது, யூனிகோடாகவே இருந்தும் கொம்பு இடம் மாறியிருப்பது. நாம் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு எழுத்தைப் பின்னால் எழுதுகிறோம். யூனிகோடு எழுத்தை முதலிலும் கொம்பைப் பின்னாலும் சேமிக்கிறது. சில வடிவமைப்பு மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதிவிடுகின்றன. நகலெடுத்து ஒட்டினால் கொம்பு தனியே புள்ளி வட்டத்தோடு நிற்கும். இதற்கு எளிய தந்திரம் உண்டு: சொல்லில் கொம்பு இல்லாத துண்டை மட்டும் தேடுங்கள். 'தேவதானம்' என்று தேடாமல் 'வதானம்', 'சேனாபதி'க்குப் பதில் 'னாபதி', 'பிரமதேயம்' வேண்டுமானால் 'பிரம'. கால், விசிறி, புள்ளி இருந்தால் பாதகமில்லை.

மூன்றாவது, ஒரே உருவத்துக்கு இரண்டு எழுத்து. 'கௌ' என்பதில் இருப்பது ஔகாரக் குறி. பலர் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து 'கெள' என்று தட்டுகிறார்கள். பார்த்தால் வேறுபாடு தெரியாது, தேடுபொறிக்கு இரண்டும் வேறு சொல். 'ஸ்ரீ'யையும் இரு விதமாகச் சேமிக்க முடியும்: ஸகரத்தை வைத்து ஒன்று, பின்னால் 2005இல் சேர்ந்த ஶகரத்தை வைத்து ஒன்று. 'ஸ்ரீரங்கம்' கிடைக்காவிட்டால் 'ரங்கம்' என்று தேடுங்கள். கும்பகோணத்துக்காரர்கள் 'சௌராஷ்டிர' என்று தேடி ஏமாறுவதும் இதனால்தான், 'ராஷ்டிர' போதும்.

இதழ் பழைய நூலின் ஸ்கேனை இணைத்திருந்தால் மேற்சொன்ன எதுவும் உதவாது, அது படம். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு எடுத்துத் தரும். ஒரு பக்கம், ஒரு பக்கமாக ஏற்றுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் யானைத் துதிக்கை போட்ட 'லை', 'னை', சுழித்த 'ணா', 'றா' இருக்கும். அவை தவறாகவே விழும். அந்த எழுத்துகளைக் கண்ணால் சரிபார்க்காமல் மேற்கோள் காட்ட வேண்டாம்.

நிலக் கணக்குள்ள பக்கத்தில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன

கோப்பு கெடவில்லை. உங்கள் கருவியில் அந்த எழுத்துக்கான ஃபாண்ட் இல்லை. வேலி, மா, காணி, முந்திரி முதலிய பழைய நில அளவு, பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடில் தமிழ்த் துணைப் பகுதியாகச் சேர்ந்தன. கிரந்த எழுத்துகள் 2014இல் சேர்ந்தன. கணினியில் நோட்டோ வரிசையில் தமிழ்த் துணைப் பகுதிக்கும் கிரந்தத்துக்கும் தனித்தனி ஃபாண்ட் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் நிறுவி, பிரவுசரை மூடித் திறங்கள். போனில் ஃபாண்ட் நிறுவுவது எளிதல்ல. ஆகவே அந்தக் கட்டுரையை மட்டும் பிடிஎஃப் வடிவில் படியுங்கள். பிடிஎஃப்பில் ஃபாண்ட் உள்ளேயே பொதிந்து வரும். இபப் என்ற மின்னூல் வடிவிலும் இணையப் பக்கத்திலும் அந்த உறுதி கிடையாது.

கட்டம் மறைந்தபின் கணக்கு புரியவில்லை என்றால்: ஒரு வேலி நிலத்தில் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. 'முக்காலே மூன்று மா முக்காணி' என்றால் 3/4 + 3/20 + 3/80, அதாவது 0.9375 வேலி. டெல்டாவில் இன்றும் மா என்றால் ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அந்த ஏக்கரைச் சோழர் காலத்து வேலிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அளந்த கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது. கட்டுரையில் கோலின் அளவு கொடுத்திருந்தால் மட்டும் மாற்றிக் கணக்கிடுங்கள்.

எங்கு பார்த்தாலும் எழுத்துப்பிழை

'பன்மர்க்கு' என்று வரவேண்டியது 'பந்மர்க்கு' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து ஆசிரியருக்குத் திருத்தம் அனுப்ப வேண்டாம். கல்லில் உள்ளது அப்படியே. கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள், எகர ஏகார வேறுபாடு காட்டமாட்டார்கள், னகரம் வரவேண்டிய இடத்தில் நகரம் வரும். பதிப்பவர் புள்ளியைச் சேர்த்துத் தருவார். மற்றதைத் தொடமாட்டார், தொடவும் கூடாது. சதுர அடைப்புக்குள் இருப்பது பொதுவாகச் சிதைந்து ஐயத்துக்கு இடமான எழுத்து, புள்ளி வரிசை அழிந்துபோன பகுதி, தடித்த எழுத்து கிரந்தம். இதழுக்கு இதழ் வழக்கம் மாறும் என்பதால் குறியீட்டு விளக்கப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த வரிகளை உரத்து வாசிக்கும் செயலியில் போட்டால் உளறும். விளக்கவுரையை மட்டும் வாசிக்க வையுங்கள்.

ஆண்டு ஒத்துவரவில்லை

'இரண்டு கட்டுரை, இரண்டு ஆண்டு, எது சரி?' என்ற குழப்பம் பெரும்பாலும் கூட்டலில் வருகிறது. முதலாம் ராஜராஜன் 985ஆம் ஆண்டின் நடுவில் பட்டமேறினான். ஏறிய ஆண்டே முதல் ஆண்டு. ஆகவே 985உடன் ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். பெரியகோயில் விமான உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தது 25ஆம் ஆண்டு 275ஆம் நாள். 25ஆம் ஆண்டு 1009 நடுவில் தொடங்குகிறது. 275 நாள் தள்ளினால் 1010 பங்குனி, சித்திரை வாக்கில் வந்து நிற்கும். ஒருவர் 1009–10 என்றும் இன்னொருவர் 1010 என்றும் எழுதினால் இருவருமே சரி. ராஜேந்திரனின் ஆண்டுகள் 1012இலிருந்து எண்ணப்படுகின்றன. ராஜராஜன் 1014 வரை இருந்ததால், இரண்டு ஆண்டுகளுக்கு இரு அரசர் பெயரிலும் கல்வெட்டு கிடைக்கும்.

சக ஆண்டைக் கி.பி. ஆண்டாக்க அதனுடன் 78 கூட்டுங்கள். ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 79.

பாண்டியர் கல்வெட்டில் 'எதிராமாண்டு' வந்தால் இரண்டு எண்ணையும் கூட்ட வேண்டும்: 13ஆவதின் எதிராமாண்டு 1 என்றால் 14.

ஐரோப்பியர் ஆவணக் கட்டுரைகளில் இன்னொரு பொறி. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் வந்தனர். டென்மார்க் 1700 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. நாகப்பட்டினத்தை 1658இல் கைப்பற்றிய டச்சுக்காரர்களோ புதிய நாட்காட்டியில் எழுதினார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே நிகழ்ச்சி, 10 நாள் வேறுபாடு. ஆங்கிலேயர் ஆவணங்களில் 1752 வரை இதே சிக்கல். புத்தாண்டும் மார்ச் 25இல் தொடங்கியதால் பிப்ரவரித் தேதிகளில் ஓர் ஆண்டே குறைவாகத் தெரியும்.

ஊரைத் தேடினால் கட்டுரை கிடைக்கவில்லை

மயிலாடுதுறை என்று மட்டும் தேடாமல் மாயூரம், மாயவரம் என்றும் தேடுங்கள். கும்பகோணத்துக்குக் குடந்தை, குடமூக்கு. மாவட்டப் பெயரை வைத்து வடிகட்டும்போது கவனம் வேண்டும்: நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும்தான் தனி மாவட்டமாயின. 1991க்கு முந்தைய கல்வெட்டறிக்கையை மேற்கோள் காட்டும் கட்டுரையில் இவையெல்லாம் 'தஞ்சாவூர் மாவட்டம்'தான்.

அடிக்குறிப்பில் உள்ள லிங்க் செத்துப்போயிருந்தால் எண்ணைப் பிடித்துப் போங்கள். 'தெ.இ.க. 2:66' என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுகள், இரண்டாம் தொகுதி, கல்வெட்டு எண் 66. பக்க எண் அல்ல. தஞ்சைப் பெரியகோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) நானூற்றுவரின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. '123/1911' என்ற வடிவில் வந்தால் முன்னால் இருப்பது வரிசை எண், பின்னால் இருப்பது கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆண்டு.

மைப்படிப் படம் படிக்க முடியாமல் இருக்கிறது, அச்செடுத்தால் இன்னும் மோசம்

கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் மைப்படியில் தாள் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் இருக்க வேண்டும். தலைகீழாகத் தெரிந்தால் உங்கள் செயலியின் இரவுப் பயன்முறை படத்தையும் புரட்டிவிட்டது, அதை அணையுங்கள். மங்கலாக இருந்தால் மெயிலின் முன்னோட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இறக்கி, பிடிஎஃப் செயலியில் திறந்து 300 விழுக்காடு வரை பெரிதாக்குங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதென்றால் விவரம் ஏற்கெனவே சுருங்கிப்போயிருக்கும். அதை மீட்க முடியாது, 'டாக்குமெண்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போது எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே தாளில் வந்து எழுத்து சிறுத்துவிட்டால், கோப்பு இரட்டைப் பக்க வடிவில் இருக்கிறது. தாளைக் கிடைமட்டமாக வைத்து ஏ3 அளவில் எடுக்கச் சொல்லுங்கள். மைப்படிப் பக்கங்களுக்கு 'கறுப்பு வெள்ளை' வேண்டாம், 'சாம்பல் நிறம்' என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய கீறல் எழுத்துகள் முழுக் கறுப்பில் மூழ்கிவிடும். வேலை முடிந்ததும் கடைக் கணினியில் மெயிலிலிருந்து வெளியேறி, இறக்கிய கோப்பைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிட்டுக் கிளம்புங்கள். பல இதழ்களின் ஒவ்வொரு பக்கத்திலும் சந்தாதாரரின் மெயில் முகவரி அச்சாகியிருக்கும்.